கோடை 260, கொண்டல் 120

திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கியபோது மணி ஏழே முக்கால். ஆடி முடியப்போகிற ஒரு காலை. கூட வந்த பெட்டி படுக்கைக்காரர்கள் எல்லாரும் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போனார்கள். நானும் அக்கா மகனும் எதிர்ப்பக்கம் மலையைப் பார்த்து நடந்தோம். அவனுக்கு இருபது வயது. பைலட் ஆகவேண்டும் என்று டிஜிசிஏ தேர்வுக்குப் படிக்கிறான். வானிலை அதில் ஒரு தனித்தாள். நூற்றுக்கு எழுபது வாங்கினால்தான் தேர்ச்சி. "புத்தகத்துல இருக்கிறத வானத்துல பாக்கணும் மாமா, ஒருநாள் கூட வாங்க" என்று ஒரு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயிலைக் கும்பிட்டுவிட்டுச் சரிவில் கொஞ்ச தூரம் ஏறினோம். பாறை ஒன்றில் உட்கார்ந்தால் ரயில் பாதை, சாலை, அதற்கப்பால் ஓடுபாதை எல்லாம் கோலம் போட்ட மாதிரி விரிந்து கிடந்தன. அவன் போனைத் திறந்து ஒரு வரியைக் காட்டினான். ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த வரி. அவன் வாசித்தபடியே எழுதுகிறேன்:

விஓஎம்எம் 100230இசட் 26008கேடி 6000 ஃபியூ020 எஸ்சிடி100 29/25 க்யூ1006 நோசிக்.

இதற்குப் பெயர் மெட்டார். மீனம்பாக்கம் வானிலை அலுவலகம் அரை மணிக்கு ஒரு முறை, இரவு பகல் பார்க்காமல், விமானிகளுக்காக வெளியிடும் அறிக்கை. உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே வடிவம்தான். டோக்கியோவிலிருந்து வருகிறவரும் டொரண்டோவிலிருந்து வருகிறவரும் இதை ஒரே மாதிரி படிப்பார்கள். நம் ஊர்ப் பெட்டியில் ஒட்டும் எம்ஏஏ என்ற சீட்டு பயணிகளுக்கான பெயர். விமானிகளுக்குச் சென்னை விஓஎம்எம். வி என்றால் நம் தெற்காசியப் பக்கம். விஓ என்றால் தென்னிந்தியா. விசி என்று தொடங்கினால் இலங்கை, யாழ்ப்பாணம் விசிசிஜே. தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் ஒன்று உண்டு: விஓடிஎக்ஸ்.

அடுத்தது தேதியும் நேரமும். 10ஆம் தேதி, 02 மணி 30 நிமிடம். இசட் என்பது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நமக்குக் காலை எட்டு. வானத்தில் போகிறவருக்கு ஊருக்கு ஒரு கடிகாரம் இருந்தால் சரிப்படாது.

26008கேடி என்ற இடத்தில் அவன் நிறுத்தினான். "கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க மாமா, காத்து எங்கேருந்து வருது?" ஓடுபாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்த எனக்கு இடக் கன்னத்தில்தான் பட்டது. மேற்கு. 260 என்பதும் அதுதான்: வடக்கைத் தொடக்கமாக வைத்து வலச்சுற்றாக எண்ணினால் 270 பாகை நேர் மேற்கு. 08 என்பது வேகம், எட்டு நாட். ஒரு நாட் 1.852 கிலோமீட்டர், ஆக மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்.

அந்த இடத்தில் என் மனதில் ஒன்று ஓடியது. காற்று எந்தத் திசைக்குப் போகிறது என்று மெட்டார் சொல்வதில்லை, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே சொல்கிறது. நம் முன்னோரும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கடலோடிக்கும் உழவனுக்கும் காற்று எங்கிருந்து புறப்பட்டது என்பதுதான் முக்கியம். அது சுமந்து வருவது மழையா வெக்கையா என்பது அதில்தான் இருக்கிறது. 26008கேடி என்றால் எட்டு நாட் கோடை. அவனிடம் சொன்னேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.

அப்போது வலப்பக்கம், பரங்கிமலைத் திசையிலிருந்து ஒரு விமானம் இறங்கி வந்தது. காற்றை எதிர்த்து இறங்கினால் தரை வேகம் குறையும், சீக்கிரம் நிறுத்தலாம். கோடை வீசும்போது கடல் பக்கமிருந்து வந்து மேற்கு முகமாக இறங்குவார்கள். ஓடுபாதைக்கு அந்த முனையில் 25 என்று பெயர். 250 பாகையில் கடைசிச் சுழியம் போனது. அதே பாதைக்கு மறுமுனையில் 07. ஒரே சாலைக்கு இரண்டு பெயர். எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்பதைக் காற்று முடிவு செய்கிறது.

6000 என்பது பார்வைத் தூரம், மீட்டரில். அலுவலகத்தில் இருப்பவர் வெளியே வந்து, எந்தக் கட்டடம் எத்தனை தூரம், எந்தக் குன்று எத்தனை தூரம் என்று முன்பே குறித்து வைத்த அடையாளங்களில் எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்க்கிறார். நாங்களும் பார்த்தோம். பரங்கிமலைத் தேவாலயம் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் உயர்ந்த கட்டடங்கள் பால் கலந்த மாதிரி மங்கின. கருவிகளும் உண்டு. ஓடுபாதை ஓரம் ஒளியைப் பாய்ச்சிப் புகைமூட்டத்தை அளக்கிற, பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய கருவி நாட்டின் பல விமான நிலையங்களில் நிற்கிறது. அதன் பெயர் திருஷ்டி. எனக்குப் பிடித்த பெயர்.

பார்வையை மறைப்பது எது என்பதற்கு இரண்டெழுத்துக் குறிகள் உண்டு. புகைக்கு எஃப்யூ, மென்மூடுபனிக்கு பிஆர். இந்த எழுத்துகள் ஆங்கிலத்தோடு பொருந்தவில்லையே என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் திணறுவார்கள். அவை பிரெஞ்சு: ஃப்யூமே என்றால் புகை, ப்ரூம் என்றால் மென்மூடுபனி. சென்னையில் எஃப்யூ மிகுதியாக வரும் காலை எது என்று கேட்டால் யாரும் சொல்லிவிடலாம். போகி. 2018 போகியன்று டயரும் பாயும் எரித்த புகை பனியோடு சேர்ந்து மீனம்பாக்கத்தை மூடியதில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. பல்லாவரத்திலும் பம்மலிலும் வாசலில் மூட்டிய நெருப்பு, எங்கோ பறந்து வருகிறவரின் கையிலிருக்கும் சீட்டில் இரண்டெழுத்தாக ஏறிவிடுகிறது. அந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தால் டயரைத் தூக்கிப்போடும் கை கொஞ்சம் தயங்கும் என்றே நினைக்கிறேன்.

ஃபியூ020 எஸ்சிடி100 என்பது மேகக் கணக்கு. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, ஒன்றிரண்டு பங்கு மூடியிருந்தால் ஃபியூ, மூன்று நான்கு என்றால் எஸ்சிடி, ஐந்து முதல் ஏழு என்றால் பிகேஎன், முழுக்க மூடினால் ஓவிசி. பக்கத்து எண் அடியின் நூறுகள்: 020 என்றால் 2,000 அடி. 29/25 வெப்பமும் பனிநிலையும். இரண்டும் நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் நிறைகிறது. மார்கழி விடியலில் 22/22 என்று வந்தால் மூடுபனிக்குத் தயாராக வேண்டும்.

க்யூ1006-ஐ விளக்கும்போது பையனின் குரலே மாறியது. விமானத்தில் உயரம் காட்டும் கருவி உண்மையில் காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. அன்றைக்குக் கடல்மட்டக் கணக்கில் அழுத்தம் எவ்வளவு என்று விமானி அதில் திருகி வைக்கவேண்டும். 1006 வைக்க வேண்டிய இடத்தில் 1013 என்று விட்டுவிட்டால், கருவி இருப்பதைவிட ஏறக்குறைய 200 அடி கூடுதலாகக் காட்டும். அவன் கையை நீட்டிப் பரங்கிமலையைக் காட்டினான். "அந்த மலையே முந்நூறு அடிதான் மாமா." அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கமிருந்து அடுத்த விமானம் சக்கரங்களை இறக்கியபடி வந்துகொண்டிருந்தது.

நோசிக் என்றால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று பொருள். அதை நம்பி ரயிலேறினோம்.

பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்ட அதே தடம். ஜன்னலோரத்தில் நான் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். அன்று மெட்டாரில் என்ன இருந்திருக்கும்? அவன் யோசித்துவிட்டு, கனமழைக்கு ஒரு கூட்டல் குறி இருக்கும், பார்வைத் தூரம் சுருங்கியிருக்கும், மேகம் தாழ்ந்திருக்கும் என்றான். எத்தனை சென்டிமீட்டர் கொட்டியது என்பது அந்த வரியில் இருக்காது. டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அடையாறு பொங்கி ஓடுபாதையில் ஏறியது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடக்க, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை இயக்கினார்கள். இந்த வரி வானத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏரி உடைவதும் ஆறு கரை புரள்வதும் அதன் பேச்சில் வராது. எது எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்வதும் படிப்பில் சேர்த்தி.

சேலையூரில் அக்கா வீடு. சாப்பாட்டுக்கு முன் அவன் இன்னொரு காகிதத்தை விரித்தான். இது டாஃப், அறிக்கை அன்று, முன்னறிவிப்பு. காலை பத்தரைக்கு வந்தது. 1006/1112 என்று இருந்தது: 10ஆம் தேதி 06 மணியிலிருந்து 11ஆம் தேதி 12 மணி வரை, ஆக முப்பது மணி நேரத்துக்கு மீனம்பாக்கத்து வானம் எப்படி இருக்கும் என்ற கணிப்பு. அதில் இரண்டு இடங்களை அவன் அடிக்கோடிட்டிருந்தான்.

ஒன்று: பெக்மிங் 1007/1009 12010கேடி. பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் காற்று தென்கிழக்குக்கு மாறி அங்கேயே நிலைக்கும்.

இரண்டு: டெம்போ 1011/1014 27020ஜி30கேடி 2000 டிஎஸ்ஆர்ஏ ஃபியூ030சிபி. மாலை நாலரை முதல் ஏழரைக்குள் மேற்கிலிருந்து 20 நாட், வீச்சில் 30 நாட், இடியோடு மழை, பார்வை 2,000 மீட்டர், இடிமேகம்.

டெம்போ என்ற சொல்லைக் கவனமாகப் படிக்கவேண்டும். வரும் ஆனால் நிலைக்காது. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும், எல்லாம் சேர்த்தாலும் சொன்ன நேரத்தில் பாதியைத் தாண்டாது. இன்னொரு குறி ப்ராப். அதன் பக்கத்தில் 30 அல்லது 40தான் வரும். ஐம்பது என்று எழுத மாட்டார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தோன்றினால் 'ஒருவேளை' என்பதை விட்டுவிட்டு, வரும் என்றே எழுதிவிட வேண்டும். பொறுப்பை யார் தலையிலும் நழுவவிடாத அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டிலும் ஆபீஸிலும் நாம் எத்தனை 'பாக்கலாம்' சொல்கிறோம்.

அக்கா துணிகளை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தாள். ஒரு மணிக்கு நாங்கள் மாடிக்குப் போனபோது கொடியில் இருந்த புடவைகள் கிழக்கே பறந்துகொண்டிருந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்றேகால் வாக்கில் காற்று நின்றே போனது. புடவைகள் தொங்கின, வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. காக்கைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்று நாற்பதுக்கு ஒரு புடவையின் ஓரம் மேற்கே சுருண்டது. அடுத்த நிமிடம் கொடியில் இருந்த அத்தனையும் சேர்ந்தாற்போல் திரும்பி மேற்கே பறந்தன. முகத்தில் உப்பும் ஈரமும் பட்டது. "கடக்காத்து வந்துருச்சு" என்று மாடிப்படியில் ஏறி வந்த அக்கா சொன்னாள். பையன் நோட்டில் 0810 இசட் என்று எழுதினான்.

இரண்டு மணி மெட்டார் வந்தது. 12010கேடி. பத்து நாட் கொண்டல், சற்றே தெற்கு கலந்தது. தரை சுட்டு மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் யாரோ ஒருவர் காலையிலேயே நேரத்தைச் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குள் அக்காவின் புடவைகள் திரும்பியதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. வடக்கே தொலைவில், காலையில் வலமிருந்து இறங்கிய விமானங்கள் இப்போது இடமிருந்து, பம்மல் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஓடுபாதையின் பெயர் 07 ஆகிவிட்டது.

நாலு மணிக்குக் கிளம்பிக் கேம்ப் ரோடு வரை நடந்தோம். தாம்பரம் விமானப்படைத் தளம் இந்தப் பக்கத்தில்தான். பயிற்சி தரும் விமானிகளுக்கே பயிற்சி தரும் பள்ளி 1954 முதல் இங்கே நடக்கிறது. நாட்டின் போர் விமானிகள் பலருக்கும் முதல் பாடம் சொன்னவர்கள் இந்த வானத்தில் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டவர்கள். பையன் அந்தத் திசையில் நிற்கும் நிலை எனக்குத் தெரியும். கோயில் கோபுரத்தைப் பார்த்து நிற்பதுபோல நிற்பான்.

வேளச்சேரி பஸ்ஸில் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போது மேற்கே முதல் இடி கேட்டது. அவன் போனைப் பார்த்துச் சிரித்தான். ஐந்தரை மெட்டாரில் விசிடிஎஸ் என்று இருந்தது. விமான நிலையத்திலிருந்து எட்டு முதல் பதினாறு கிலோமீட்டருக்குள் இடி என்பதற்கு அந்தக் குறி. தாம்பரமும் சேலையூரும் மேடவாக்கமும் அந்த வளையத்துக்குள் விழுகின்றன. "நம்ம வீட்டு இடி மாமா, கணக்குல ஏறிடுச்சு."

பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வாசலுக்கு எதிரே இறங்கினோம். இங்கே வரவேண்டும் என்று சொன்னவன் அவன்தான். 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து விமானப்படையின் ஏ.என்.32 ஒன்று போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. வழக்கமாகப் போய்வரும் பயணம். உள்ளே 29 பேர். வங்கக்கடலின் மேல் அது காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், இந்தக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தி எடுத்த படங்களில் சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், ஒரு விமானத்தின் சிதைவுகள் தெரிந்தன. அந்த ஏ.என்.32-இன் சிதைவுகளே என்று படங்கள் காட்டுவதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

அந்தக் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தாம்பரத்தில் புறப்பட்டவர்களைப் பற்றிய சேதி, தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் அதே சாலையில், பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கும் ஒரு கட்டடத்தின் உழைப்பால் வந்து சேர ஏழரை ஆண்டு ஆனது. அன்று காலை அவர்களும் ஒரு வரியைப் படித்திருப்பார்கள். என்னால் அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை. என் பக்கத்தில் நிற்கிறவனுக்கு இருபது வயது. அவன் அப்பா இல்லாத வீடு. அக்கா ஒவ்வொரு தேர்வுக்கும் அவனோடு சேர்ந்து கண் விழிக்கிறாள். "பயமா இருக்காடா?" என்று கேட்டேன். "படிக்காம போனாத்தான் பயம் மாமா" என்றான்.

ஆறு மணிக்குக் காற்று இரண்டாம் முறை திரும்பியது. கடற்காற்று சட்டென்று அறுந்து, மேற்கிலிருந்து மண் வாசனையோடு குளிர் அடித்தது. கடைக்காரர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டார். இடிமேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி நாலாபக்கமும் விரியும் வேகம் அது. மழைக்கு முன்னால் ஓடிவரும். விமானம் இறங்குகிற நேரத்தில் எதிர்காற்று நொடியில் பின்காற்றாகிவிடக்கூடிய இந்த இடத்தைத்தான் விமானிகள் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறார்கள். பிறகு மழை கொட்டியது. நிழற்குடையில் ஒதுங்கி அவன் வாசித்தான்: 28018ஜி30கேடி 1500 டிஎஸ்ஆர்ஏ, சிபி, 24/23, க்யூ1008. வெப்பம் ஒரே மூச்சில் இறங்கியிருந்தது, அழுத்தம் ஏறியிருந்தது. எல்லாம் உடம்புக்கே தெரிந்தது.

அரை மணி நேரம் வானத்தில் ஒரு விமானமும் இல்லை. மேலே எங்கோ வட்டமடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களின் தொட்டியில் இதற்கென்று கூடுதல் எரிபொருள் இருக்கும். இறங்க முடியாவிட்டால் போவதற்கு இன்னோர் ஊரும் குறித்து வைத்திருப்பார்கள். காலையில் அந்த டெம்போவைப் படித்த எவரோ கணக்குப் போட்டு ஏற்றிய எரிபொருள்.

ஆறே முக்கால் வாக்கில் மழை தூறலானது. சதுப்பு நிலத்துக்கு மேலே வடகிழக்கில், வெகு தாழ்வில், ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. கடல் பக்கமிருந்து வரிசையாக மேற்கு முகமாக வந்துகொண்டிருந்தன. காற்று கோடையானதால் ஓடுபாதை மறுபடி 25 ஆகியிருந்தது. பையன் போனைப் பார்க்கவில்லை. வெளிச்சங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

அக்கா போன் செய்தாள். மழை நின்றுவிட்டதா, துணியை மறுபடி மாடியில் போடலாமா என்று கேட்டாள்.

"ஏழரை வரைக்கும் பொறும்மா" என்றான்.